ராத்திரி முழுக்க அழும் பச்சிளங்குழந்தை... உரம் விழுந்ததா, வயிறு உப்புசமா? கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளின் கை வைத்தியத்தில் எது ஓகே, எது ஆபத்து?

பகல் முழுக்க சமத்தாக இருந்த குழந்தை, விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் ஆரம்பிக்கும். முகம் சிவந்து, கை இறுகி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஒரே அழுகை. பால் கொடுத்தாலும் வேண்டாம், தூக்கினாலும் நிற்காது. கம்பம், சின்னமனூர், போடி, உத்தமபாளையம் பக்கம் இப்படி ஒரு வீட்டில் குழந்தை அழுதால், கால் மணி நேரத்தில் நாலு விதமான காரணம் வந்துவிடும். ‘உரம் விழுந்துருச்சு’ என்பார் அப்பத்தா. ‘வயிறு பொருமிருச்சு, வசம்பு உரசி ஊத்து’ என்பார் அம்மாச்சி. பக்கத்து வீட்டு அக்கா தொக்கம் எடுப்பவரின் விலாசம் சொல்வார். அப்பா மெடிக்கலில் கிரைப் வாட்டர் வாங்கப் போயிருப்பார்.

இதில் எது குழந்தைக்கு நல்லது, எது சும்மா மனசுக்கு ஆறுதல், எது உயிருக்கே வினை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு அழுதால் நார்மல்?

முதலில் ஒரு விஷயம். பிறந்த முதல் மூன்று மாதத்தில் குழந்தை அழுவது கூடிக்கொண்டே போய், ஒரு உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகக் குறையும். இது உலகம் முழுக்க உள்ள குழந்தைகளிடம் பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசெல்டன் 1962-ல் வெளியிட்ட ஆய்வில் 80 குழந்தைகளின் தாய்மார்கள் தினமும் அழுகையைக் குறித்து வைத்தார்கள். எந்த நோயும் இல்லாத அந்தக் குழந்தைகளே ஆறாவது வார வாக்கில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அழுதிருக்கிறார்கள். அதிலும் சாயங்காலமும் முன்னிரவும்தான் அதிகம்.

இதையும் தாண்டி அழும் குழந்தைகளும் உண்டு. அதைத்தான் டாக்டர்கள் ‘கோலிக்’ என்கிறார்கள். 1954-ல் மோரிஸ் வெஸல் என்ற மருத்துவர் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். ராத்திரி இரண்டு மணிக்கு குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும் யாரும் வாட்ச் பார்த்து எண்ணிக்கொண்டு இருக்க மாட்டார்கள் என்பதாலோ என்னவோ, 2016-ல் வந்த புதிய வரையறையில் இந்த மணிக்கணக்கை எடுத்துவிட்டார்கள். இப்போதைய கணக்குப்படி, ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, காய்ச்சல் இல்லாமல், எடை சரியாக ஏறி, ஆனால் காரணம் தெரியாமல் அடிக்கடி நீண்ட நேரம் அழுது, சமாதானமே ஆகவில்லை என்றால் அது கோலிக். சுமார் ஐந்தில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் நின்றுவிடும்.

அப்போ ‘கேஸ்’ இல்லையா? வயிறு கல் மாதிரி இருக்கிறதே, ‘டர்’ என்று காற்றும் பிரிகிறதே என்று கேட்கலாம். காற்று இருப்பது உண்மைதான். ஆனால் வாயைத் திறந்து மணிக்கணக்கில் அழும் குழந்தை காற்றையும் சேர்த்தே விழுங்குகிறது. அழும்போது வயிற்றுத் தசையும் இறுகும். அதாவது பல நேரம் காற்றால் அழுகை வருவதில்லை, அழுகையால்தான் காற்று சேர்கிறது. கோலிக்குக்கு இதுதான் ஒரே காரணம் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

முக்குவதும் அப்படித்தான். பத்து நிமிடம் முகம் சிவக்க முக்கி, அழுது, கடைசியில் களிம்பு மாதிரி இளகலாக மலம் போனால் அது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்தும் அதே நேரத்தில் ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்ற பழக்கம் குழந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் மாதம் தாண்டியதும் நாலைந்து நாள், சில நேரம் ஒரு வாரம்கூட மலம் போகாமல் இருக்கும். வயிறு மிருதுவாக இருந்து, பால் நன்றாகக் குடித்தால் பயப்பட வேண்டாம். இதற்காக வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பதும், சோப்புத் துண்டு வைப்பதும் இன்றும் நடக்கிறது. அந்த இடத்தின் தோல் மிக மெல்லியது. கிழிந்தால் அடுத்த முறை மலம் கழிக்கவே குழந்தைக்கு வலிக்கும்.

‘பகல்ல தூங்குது, ராத்திரி முழிச்சுக்குது’

பச்சிளங்குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் மொத்தமாக இல்லை. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பசித்து எழும். ராத்திரி எது, பகல் எது என்று உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கவே இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். ‘நாள் மாறித் தூங்குது’ என்று வீட்டில் சொல்வது சரியான கவனிப்புதான். அது நோய் இல்லை.

பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, பேச்சுச் சத்தத்துக்கு நடுவே பால் கொடுப்பதும், ராத்திரி மங்கலான விளக்கில் பேசாமல் பால் கொடுத்துப் படுக்க வைப்பதும் அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் சீக்கிரம் பழக்கும். ராத்திரி அழும்போது செல்போனில் பாட்டுப் போட்டு முகத்துக்கு நேராகக் காட்டுவது எதிர் வேலை செய்யும்.

உரம், தொக்கம், சீர், குடல் தட்டு

தேனி, மதுரை வட்டாரத்தில் குழந்தை அழுகைக்கு தனி அகராதியே இருக்கிறது. இந்தப் பெயர்களை ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால், வீட்டுப் பெரியவர்களிடம் பேச்சே நின்றுபோகும். ஒவ்வொன்றும் எதைப் பார்த்து வந்தது என்று புரிந்தால்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

குழந்தையைத் தூக்கும்போது கழுத்தோ கையோ பிசகிவிட்டது என்பதுதான் ‘உரம் விழுவது’. சேலையிலோ போர்வையிலோ குழந்தையைப் போட்டு, இரண்டு பேர் முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் மெதுவாக உருட்டுவார்கள். முறத்தில் போட்டு அசைப்பதும் உண்டு. அழுகை பல நேரம் நிற்கும். காரணம், ஆட்டினால் எந்தக் குழந்தையும் அமைதியாகும். மெதுவாக ஆட்டும்வரை பிரச்சினை இல்லை. வேகமாகக் குலுக்குவதும், தலைகீழாகத் தூக்குவதும்தான் ஆபத்து. ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தாலோ, தொட்டதும் வீறிட்டாலோ அது எலும்பு முறிவாகவோ மூட்டுத் தொற்றாகவோ இருக்கலாம். அதை உருட்டிப் பார்க்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

‘தொக்கம்’ கதை வேறு. தொண்டையிலோ வயிற்றிலோ ஏதோ சிக்கியிருப்பதாகச் சொல்லி, ஊதியோ உறிஞ்சியோ வெளியே எடுத்துக் காட்டுவார்கள். பால் மட்டுமே குடிக்கும் ஒரு மாதக் குழந்தையின் வயிற்றிலிருந்து சோற்றுப் பருக்கை எப்படி வரும் என்று ஒரு முறை யோசித்தாலே போதும். பிறர் வாய் குழந்தையின் வாய்க்கு அருகே போவதால் கிருமி தொற்றும் வாய்ப்பும் சேர்கிறது.

‘குடல் தட்டு’ என்றால் வயிற்றில் எண்ணெய் தடவி நீவுவார்கள், காலைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டுவார்கள். பச்சையாக மலம் போய்க் குழந்தை இளைத்தால் ‘சீர் தட்டிருச்சு’ என்பார்கள். தீட்டுள்ள பெண் யாரோ வந்து பார்த்ததால் வந்தது என்று பழி போவதும் உண்டு. பச்சை மலத்துக்கு எளிய காரணங்களே நிறைய இருக்கின்றன. அதில் ஒன்று, ஒரு மார்பில் பால் முழுதாகக் குடித்து முடிக்கும் முன்பே அடுத்த மார்புக்கு மாற்றுவது. கொழுப்பு குறைந்த முன்பாலே அதிகம் உள்ளே போய், நுரைத்த பச்சை மலமும் வயிற்று இரைச்சலும் வரும். ஒரு பக்கம் முழுதாகக் குடித்த பிறகு அடுத்த பக்கம் கொடுத்தாலே பலருக்குச் சரியாகும். ஆனால் தண்ணீராகப் பல முறை போய், குழந்தை சோர்ந்து, சிறுநீர் குறைந்தால் அது வயிற்றுப்போக்கு. சீர் எடுப்பவரைத் தேடி ஓடும் அரை நாளில் ஒரு மாதக் குழந்தையின் உடலில் நீர் வற்றிவிடும்.

உரை மருந்து கொடுக்கலாமா?

வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. நாட்டு மருந்துக் கடையில் செட்டாகவே கிடைக்கும். வசம்பை விளக்கில் சுட்டு, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு உரசி நாக்கில் தடவுவார்கள். வசம்புக்கு ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். சாயங்காலத்துக்குப் பிறகு பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் சொல்வார்கள். இவ்வளவு மரியாதை உள்ள பொருளைப் பற்றி கெட்டது சொன்னால் அம்மாச்சிக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

வசம்பில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியது தெரிந்ததால், 1968-ல் அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதையே தடை செய்தது. நம்ம ஊர் வசம்பு வகையில் இந்தப் பொருளின் அளவு அதிகம். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் தூக்கத்தை வரவழைக்கும். அளவு கூடினால் படபடப்பு, மயக்கம், மூச்சு மந்தம் என்று போகும். ‘ஜாதிக்காய் உரசிக் கொடுத்தேன், நல்லா தூங்குச்சு’ என்பது மருந்து வேலை செய்ததைத்தான் காட்டுகிறது. பிரச்சினையும் அதுதான். மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு எத்தனை உரசு என்று யார் அளந்தது? உரைகல்லை யார் கொதிக்க வைத்தது?

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் குழந்தையின் எடையைப் பார்த்துப் பேசுவார். கடையில் பொட்டலமாக வாங்கி வீட்டில் உரசுவதும் அதுவும் ஒன்றில்லை.

சேனை வைப்பது, அதாவது பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைப்பதும் இந்தப் பக்கம் பழக்கம். தேனை ஒரு வயது வரை தொடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். தெருவில் கழுதையோடு வந்து கறந்து கொடுக்கும் பாலும் காய்ச்சாத பால்தான்.

கிரைப் வாட்டர்: ஒரு பழைய பாட்டிலின் கதை

டிவி விளம்பரம் மூலம் தமிழ்நாட்டில் இரண்டு, மூன்று தலைமுறைக்கு மனப்பாடமான மருந்து இது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் 1851-ல் தயாரித்தது. சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, தண்ணீர், கூடவே ஆல்கஹால். குழந்தை அமைதியானதற்கு அந்த ஆல்கஹாலுக்கும் இனிப்புக்கும் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தில் 1992 வாக்கில்தான் ஆல்கஹாலை எடுத்தார்கள். இப்போது இந்தியாவில் விற்பதில் ஆல்கஹால் இல்லை. அப்படியானால் மீதம் என்ன? இனிப்புத் தண்ணீரும் சோடா உப்பும். கோலிக் அழுகையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. இனிப்பு நாக்கில் பட்டதும் குழந்தை சில நிமிடம் அமைதியாகும் என்பது மட்டும் உண்மை.

அந்தக் காலத்தில் இதைவிட மோசமானவையும் இருந்தன. அமெரிக்காவில் 1849 முதல் விற்ற ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்’ என்ற மருந்தில் மார்ஃபின் இருந்தது. குழந்தைகள் தூங்கின, சில குழந்தைகள் எழவே இல்லை. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் பட்டியலில் சேர்த்தது.

இது பழைய கதை என்று விட முடியாது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததும், அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் 20 பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத்துறை, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று அறிவுறுத்தியது. ‘லேசா சளி இருக்கு, அதான் தூங்கல’ என்று பெரிய குழந்தைக்கு வாங்கிய சிரப்பில் இரண்டு சொட்டு சின்னதுக்கும் ஊற்றும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மெடிக்கலில் கொடுக்கும் வயிற்றுச் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது சிமெத்திக்கோன். பெரிய தீங்கு இல்லை. ஆனால் மருந்தே இல்லாத வெறும் திரவத்தோடு ஒப்பிட்ட ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டைசைக்ளோமின் என்ற பெயர் லேபிளில் இருந்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது, மூச்சை நிறுத்தும் அபாயம் உண்டு. நல்ல பாக்டீரியா அடங்கிய சொட்டு மருந்துகளில் லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற ஒரு வகைக்கு மட்டும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. அதையும் டாக்டரிடம் கேட்டு வாங்குவதே நல்லது.

வெளியே தடவுவது?

தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்று, வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி வயிற்றில் போடுவது. இவை பெரும்பாலும் தொந்தரவில்லாதவை. தொப்புள்கொடி விழுந்து புண் ஆறியிருக்க வேண்டும், வெற்றிலையை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இளஞ்சூட்டில் வயிற்றை வலப்பக்கமாக வட்டமாகத் தடவிக் கொடுப்பது பல குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

குளிக்க வைக்கும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது அப்படி இல்லை. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். தென்னிந்திய மருத்துவர்களே இதைப் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். குளித்ததும் போடும் சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. குளிப்பாட்டுவதும், காலில் போட்டு உடம்பைப் பிடித்து விடுவதும் நல்ல விஷயம்தான். எண்ணெயும் புகையும் இல்லாமலே அதே தூக்கம் வரும்.

சரி, என்னதான் செய்வது?

முதலில் பசியா என்று பாருங்கள். பால் போதுகிறதா என்பதற்கு அழுகை நல்ல அளவுகோல் இல்லை. சிறுநீரும் எடையும்தான் அளவுகோல். முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்து, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஏறுகிறதென்றால் பால் போதும். ‘பால் பத்தல’ என்று பவுடர் பாலோ தண்ணீர் கலந்த மாட்டுப் பாலோ ஆரம்பிப்பதுதான் பல வயிற்றுக் கோளாறுகளின் தொடக்கம். சித்திரை வெயிலில் ‘தாகமா இருக்குமே’ என்று தண்ணீரும் வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு எதுவும் தேவையில்லை.

குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருமையான பகுதியையும் வாய் நிறையக் கவ்வ வேண்டும். ‘சப்பு சப்பு’ என்று சத்தம் வந்தால் காற்றும் உள்ளே போகிறது என்று அர்த்தம். குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவுங்கள். ஏப்பம் வரவில்லை என்றால் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்திருந்தால் போதும். கொஞ்சம் பால் கக்குவது பெரும்பாலான குழந்தைகளுக்கு இருப்பதுதான்.

அழுகை நேரத்தில் குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, வயிறு கையில் அழுந்தும்படி பிடித்து நடந்து பாருங்கள். மேல்சட்டை இல்லாமல் அம்மாவின் நெஞ்சிலோ அப்பாவின் நெஞ்சிலோ போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. காதருகே ‘உஷ்ஷ்ஷ்’ என்று நீளமாகச் சொல்வது, ஃபேன் சத்தம், தாலாட்டு எல்லாம் உதவும். இன்று வேலை செய்தது நாளைக்கு வேலை செய்யாமல் போகலாம். அதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒரு உத்தி மாற்றினால் குழந்தைக்கு இன்னும் எரிச்சல்தான் வரும்.

சேலைத் தொட்டிலை யாரும் விடப் போவதில்லை. ஆட்டும் வரை சரி. ஆனால் அதன் குழிவில் குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைபடும். தூங்கியதும் கெட்டியான பாயில், தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. தொட்டிலில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருக்க வேண்டும். அண்ணன், அக்கா ஆட்டும்போது கழுத்தில் சேலை சுற்றாமல் பார்க்க வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் போடும் பத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நீ பழம் சாப்பிட்டதால பிள்ளைக்கு வயித்து வலி’ என்று வாழைப்பழமும் திராட்சையும் விளையும் ஊரிலேயே அம்மாவுக்குப் பழத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். தாய் சாப்பிடுவது நேரடியாகக் குழந்தைக்கு வாயு ஆவதில்லை. விதிவிலக்கு ஒன்றுண்டு. மலத்தில் ரத்தம் அல்லது சளி, தோலில் கரப்பான், தொடர் வாந்தி எல்லாம் சேர்ந்து இருந்தால் மாட்டுப்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது டாக்டர் சொல்லி, தாய் சில வாரம் பால் பொருட்களை நிறுத்திப் பார்ப்பார். மற்றபடி பத்தியத்தால் அம்மாவுக்கு மலச்சிக்கலும் ரத்தசோகையும்தான் மிச்சம்.

வேலைக்குப் போக வேண்டிய அம்மாக்களுக்கு

விடியலுக்கு முன்பே ஜீப் பிடித்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் பொழுது சாய வரும் பெண்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம். சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு என்பது தினக்கூலிக்குப் பெயரளவில்தான். தமிழக அரசின் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் தவணையாகக் கிடைக்கும். கர்ப்பமானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் பாலைப் பீய்ச்சி, கொதிக்க வைத்த சில்வர் கிண்ணத்தில் மூடி வைக்கலாம். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை, வெயில் காலத்தில் அதற்கும் குறைவாகவே தாங்கும். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும். அப்பத்தா அதைப் பாட்டிலில் ஊற்றாமல் பாலாடையில் கொடுக்கட்டும். பாலாடையைக் கொதிக்க வைப்பது சுலபம், ரப்பர் நிப்பிளில்தான் கிருமி தங்கும்.

எப்போது வண்டி ஏற வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அது கோலிக் இல்லை. வாந்தி பச்சை நிறத்தில் வருவது. இதைத்தான் வீட்டில் ‘பித்தம்’ என்று விட்டுவிடுகிறார்கள். பச்சிளங்குழந்தைக்குக் குடல் முறுக்கிக்கொண்டதன் அடையாளமாக அது இருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். அக்குளில் வெப்பம் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போவது, அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது. நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்வாங்குவது. வலிப்பு. மலத்தில் ரத்தம். வயிறு உப்பி மலமும் காற்றும் இரண்டுமே நிற்பது. கவட்டையில் கெட்டியான வீக்கம். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போவதும் ஆபத்துதான், பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் முதல் இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்தால்தான் பலன் அதிகம். மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறை குடித்ததும் பால் பீறிட்டு தூரப் போய் விழுந்தால் இரைப்பை வாசல் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

எந்த அடையாளமும் இல்லாமல் திடீரென்று வீறிட்டு அழுதால், துணியைக் கழற்றி விரல், கால் விரல், ஆணுறுப்பு எல்லாம் பாருங்கள். அம்மாவின் உதிர்ந்த முடி ஒன்று சுற்றி இறுக்கியிருக்கும். காதில் எறும்பு போயிருக்கும். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் பலரும் பார்க்காத விஷயம்.

இந்த இடத்தில் ஊரின் தூரம் முக்கியம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளத்தில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பச்சிளங்குழந்தைக்குத் தீவிர சிகிச்சை என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கம்பத்திலிருந்து அது 50 கிலோமீட்டருக்கு மேல். குடல் அறுவை சிகிச்சை என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனை வரைகூட அனுப்பலாம். மேகமலை எஸ்டேட் வீடுகளிலிருந்து சின்னமனூருக்கு இறங்கவே மலைப்பாதை இருக்கிறது. அதனால் ‘காலையில பார்த்துக்கலாம்’ என்பது சென்னையில் இருக்கும் ஒருவர் சொல்வதும், மேகமலையில் இருக்கும் ஒருவர் சொல்வதும் ஒன்றல்ல. 108 ஆம்புலன்ஸ் இலவசம். சந்தேகம் என்றால் 104-ல் 24 மணி நேரமும் கேட்கலாம். போகும் வழியில் குழந்தையை நெஞ்சோடு அணைத்து சூடாக வைத்திருங்கள். பச்சை வாந்தி என்றால் வழியில் பால் கொடுக்க வேண்டாம்.

அம்மாவுக்கு யார் துணை?

மூன்று வாரம் சேர்ந்தாற்போல் தூங்காத ஒருவருக்கு, அழும் குழந்தை மேல் கோபம் வருவது நடக்கக்கூடியதுதான். அந்த நொடியில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். உயிரோ பார்வையோ போகும். கை நடுங்கும் அளவுக்கு எரிச்சல் வந்தால், குழந்தையைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வாசலுக்குப் போய் நில்லுங்கள். ஐந்து நிமிட அழுகையில் குழந்தைக்கு எதுவும் ஆகாது. ராத்திரியில் ஒரு முறையாவது அப்பா தூக்கிக்கொண்டு நடக்கட்டும், தாய்ப்பால் தவிர மற்ற எல்லாம் அவராலும் முடியும். குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாத அழுகை, சாப்பிடப் பிடிக்காமை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமை என்று இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

45-வது நாள் குழப்பம்

அழுகை உச்சத்துக்குப் போவது ஆறாவது வாரம். அரசு அட்டவணைப்படி முதல் பெரிய தடுப்பூசியும் ஆறாவது வாரம்தான், ஊரில் ‘45-வது நாள் ஊசி’ என்பது. ‘ஊசி போட்டதுல இருந்துதான் பிள்ளை அழுவுது’ என்ற புகார் வருவது இதனால்தான். ஊசியால் வரும் காய்ச்சலும் வலியும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அதற்கு பாராசிட்டமால் சொட்டு மருந்தை எடைக்கு ஏற்ப செவிலியர் சொல்லும் அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ அதை ஊசியின் கணக்கில் எழுதாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அடுத்த ஊசி 75-வது நாள், அதற்கடுத்தது 105-வது நாள். மூன்றாவது ஊசிக்குப் போகும்போது, சாயங்கால அழுகை பெரும்பாலான வீடுகளில் பாதிக்கு மேல் குறைந்திருக்கும்.